வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி: கன்ட்ரோல் பேனலில் தொடங்குங்கள்

ஆர்கேட் பெட்டி என்பது நின்றபடி ஆடும் பழைய பாணி வீடியோ கேம் பெட்டி. அதை நிமிர்த்தி வைத்த பிறகு பட்டனுக்கு இடம் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கை படும் பலகையை, அதாவது கன்ட்ரோல் பேனலை, முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதை அதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு தடித்த அட்டையில் மையத்துக்கு மையம் 36 மி.மீ. விட்டு, வரிசைக்கு மூன்றாக ஆறு பட்டன் வட்டங்கள் வரையுங்கள். நடுவிரல் நீளம் என்பதால் நடுப்பட்டன் சற்று மேலே இருக்கட்டும்; நேர்க்கோட்டில் வைத்தால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். இருவர் ஆட 65 செ.மீ. அகலம் தேவை. நின்று ஆடுவதற்குத் தரையிலிருந்து சுமார் 95 செ.மீ. உயரம் வசதி. அட்டையை அந்த உயரத்தில் வைத்து அரைமணி நேரம் கை வைத்துப் பாருங்கள்.

பட்டனை வாங்கி அளந்த பிறகே துளை போடுங்கள். ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு ஏறக்குறைய 28. கிளிப் வைத்த பட்டன்கள் மெல்லிய தகட்டுக்கானவை, 18 மி.மீ. பிளைவுட்டில் பிடிக்காது; நீளமான மரையுள்ளதைக் கேளுங்கள். ஜாய்ஸ்டிக் தண்டும் அந்தத் தடிமனுக்குக் குட்டை. அதனால் அதன் அடியில் மட்டும் பலகையை ரவுட்டரால் (மரம் குடையும் மின்கருவி) குடைந்து 6 மி.மீ. மிச்சம் வையுங்கள். ஹோல் சாவை (வட்டத் துளை போடும் ரம்பம்) மேலிருந்து பாதிவரை இறக்கி, திருப்பிப் போட்டு அடியிலிருந்து முடித்தால் விளிம்பு சிதறாது.

பெட்டிக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். சென்னை ஈரப்பதத்திலும், தரை துடைக்கும் தண்ணீரிலும் அடிப்பகுதி ஊதிவிடும். ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட் வாங்கி, அடியில் ரப்பர் புஷ் போடுங்கள். எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் 170 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழத்தில் இரண்டு பக்கப் பலகைகளும் வந்துவிடும். முன், பின், மேல் பாகங்களுக்கு இன்னொரு ஷீட் வேண்டும். வாசல் கதவையும் லிஃப்டையும் அளந்துவிட்டே வெட்டுங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழைய 19 அங்குல எல்சிடி மானிட்டர் தேடலாம். கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பின்புறத் துளைகளுக்கு எம்4 ஸ்குரூ போதும். நீளம் கூடினால் உள்ளே குத்தும். மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் மாற்றி தேவை.

வயரிங்கில் குழம்ப வைப்பது ஜாய்ஸ்டிக்தான். தண்டை மேலே தள்ளினால் கீழுள்ள மைக்ரோஸ்விட்ச்தான் (தண்டின் நகர்வை உணரும் சிறு சுவிட்ச்) அழுந்தும், எனவே "மேல்" வயர் கீழே போகும். பட்டன் முனைகள் 2.8, 4.8 மி.மீ. என இரு அளவில் வரும். என்கோடரோடு (பட்டன் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் சிறு சர்க்யூட் பலகை) வரும் கிளிப் எந்த அளவு என்று பார்த்து வாங்குங்கள். இருவருக்கு இரண்டு யுஎஸ்பி என்கோடர்கள். ஒரே மாடலானால் மறுபடி ஆன் செய்யும்போது ஆட்டக்காரர்கள் இடம் மாறலாம். எப்போதும் அதே போர்ட்டில் செருகுங்கள்.

ஆட்டங்களை ஓட்டும் கையடக்கக் கணினியான ராஸ்பெரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். திரையில் மின்சாரம் போதவில்லை என்று காட்டும் மின்னல் குறி தெரிந்தால் பெரும்பாலும் மெல்லிய கேபிள்தான் காரணம். கரண்ட் போகும்போது மெமரி கார்டு கெடும், ஆகவே சிறிய யுபிஎஸ் நல்ல முதலீடு. சிப் 80 டிகிரி தொட்டால் வேகம் குறையும். மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் இது எளிது. பின்பலகையின் கீழே காற்றுத்துளை, மேலே 120 மி.மீ. ஃபேன் வையுங்கள்.

சோதித்துப் பார்க்க ராபி ரோட்டோ, கிரிட்லி போன்ற ஆட்டங்களை, பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளான மேம் (MAME) தளமே இலவசமாகத் தருகிறது. எல்லா பட்டனும் வேலை செய்வது உறுதியான பிறகே பேனலுக்கு லேமினேட் ஒட்டுங்கள்.