ஓர் ஏரியின் தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொண்டு போகாமல் படகைக் கழுவுவது எப்படி?

சென்ற வசந்தத்தில் ஒன்ராறியோ ஏரியின் குயின்டே குடாவில் மீன் பிடித்துவிட்டுப் படகை ஸ்காபரோவுக்கு இழுத்து வந்தேன். அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடித்திருந்தேன், துணியால் துடைத்தும் இருந்தேன். மறுநாள் வேறோர் ஏரிக்குப் புறப்படும் முன், ஏதோ யோசனையில் படகில் மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் பம்ப் குழாயைக் கழற்றினேன். இரண்டு கோப்பைத் தண்ணீர் கையில் கொட்டியது. நடுவே ஒரு செதில், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

காரணம் இருக்கிறது. மீன்களைத் தாக்கும் வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோய் வட அமெரிக்காவின் பேரேரிகளில் இருப்பது 2005இல்தான் தெரியவந்தது. அந்த வசந்தத்தில் டிரம் மீன்கள் செத்து மிதந்தது இதே குயின்டே குடாவில். 2006இல் ஈரி ஏரியிலும் சென் கிளேயர் ஏரியிலும் மீன்கள் கூட்டமாக மடிந்தன. 2007இல் விஸ்கொன்சினின் வின்னபேகோ ஏரியிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோய்ப்பட்ட மீனின் சிறுநீரிலும் சினை நீரிலும் வைரஸ் வெளியேறுகிறது; அடுத்த மீனின் செவுள் வழியாக உள்ளே நுழைகிறது. தோலுக்கடியில் குருதி கசியும், கண் பிதுங்கும், செவுள் வெளிறும். எல்லா மீனும் சாவதில்லை. பிழைத்த மீன் பார்வைக்கு நலமாகவே நீந்தியபடி வைரஸைப் பரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே "நான் பிடித்த மீன் நன்றாகத்தானே இருந்தது" என்பதை ஓர் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். மனிதருக்கு இது தொற்றாது.

படி 1: கரையிலேயே வடியுங்கள்

படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றியதும், இறங்குதுறையை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லா அடைப்பான்களையும் திறந்துவிடுங்கள். இழுவண்டியில் சிக்கிய பாசியையும் களையையும் கையால் பிடுங்கிவிடுங்கள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் இவை இரண்டும் சட்டப்படி கட்டாயம்.

படி 2: இரை வாளி

உயிருள்ள இரைமீனையோ அந்த வாளித் தண்ணீரையோ ஏரியில் கொட்டக்கூடாது. கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் கொட்டக்கூடாது. பாவம், உயிர் பிழைக்கட்டும் என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கம் ஓர் ஏரியையே பாதிக்கலாம். எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்களோ அங்கேயே இரையை வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மண்புழு போதுமென்றால் மண்புழுவே நல்லது. நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் கோர்க்கிறேன். மிஞ்சிய புழுவும் குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

படி 3: குழாய்

நான் தவறவிட்டது இதைத்தான். தொட்டியின் அடைப்பானைத் திறந்தால் தொட்டிதான் காலியாகும். பம்புக்கும் தொட்டிக்கும் இடையே வளைந்து தொங்கும் குழாயில் தண்ணீர் தேங்கியே நிற்கும். அந்தத் தண்ணீர் வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்கிறது. வி.எச்.எஸ். வைரஸுக்கோ குளிர்தான் பிடிக்கும். 9 முதல் 12 பாகை செல்சியஸில் அது நன்றாகப் பெருகும். வசந்த காலத்து ஏரி நீரின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுவே. மீனுக்கு வெளியே, வெறும் தண்ணீரிலும் அது பல நாள் தாக்குப்பிடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இழுவண்டியின் முன்பக்கத்தை உயர்த்திப் படகின் பின்புறம் தாழ்ந்திருக்குமாறு நிறுத்துங்கள். குழாயின் கவ்வியைத் தளர்த்தி, தாழ்ந்த முனையைக் கழற்றி, மறுமுனையில் வாய் வைக்காமல் காற்றுப் பம்பால் ஊதுங்கள். கடைசிச் சொட்டு வரும்வரை விடாதீர்கள். கழற்ற முடியாத குழாய் என்றால், 50 பாகைக்கு மேல் சூடான நீரைத் தொட்டியில் ஊற்றிப் பம்பைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

படி 4: முதலில் சேற்றைக் கழுவி, பிறகு பிளீச்

சேறும் சளியும் இருக்கும் இடத்தில் பிளீச் தன் வலுவை இழந்துவிடும். அதனால் முதலில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 1 லீற்றர் நீருக்கு 100 மி.லீ. பிளீச் என்று கலந்து தொட்டி, வாளி, கைவலை எல்லாவற்றிலும் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, நல்ல நீரால் அலசுங்கள். மணமூட்டியதும் சிந்தாமல் கெட்டியாக வருவதும் வேண்டாம். சாதாரண பிளீச்சே வாங்குங்கள். வினிகரோ அமோனியாவோ அதனுடன் சேரக்கூடாது, நச்சு வாயு வரும். கலவையை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

அழுத்த நீர் இயந்திரம் படகின் அடிப்பகுதிக்கு நல்லதுதான். ஆனால் மூலை முடுக்குகளுக்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 5 லீற்றர் கைத்தெளிப்பானே சிறந்தது. கழுவிய நீர் தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வடிகாலும் ஏரிக்குத்தான் போகிறது.

படி 5: காயவிடுங்கள்

வெயிலில் ஐந்து நாள் காயவிடுங்கள். வலையின் முடிச்சுகளும் இழுவண்டியில் படகு அமரும் பலகையின் கம்பள விரிப்பும்தான் கடைசியாகக் காயும். விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்னும் ஆகவில்லை.

பின்னர் சேர்த்தது: படகே இல்லாமல் ஆற்றில் இறங்கி நின்று பிடிப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். பொருந்தும். கம்பளி அடிவைத்த காலணி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, உலரப் பல நாள் எடுக்கிறது. இறப்பர் அடி உள்ளதையே வாங்குங்கள்.

இன்னொன்று: இரைமீனை உறையவைத்தால் வைரஸ் செத்துவிடுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். முழுவதும் சாகாது. உறைபெட்டியில் பல மாதம் கிடந்த மீனிலும் கொஞ்சம் எஞ்சியிருக்கலாம். அதைக் கொண்டுபோய் வேறோர் ஏரியில் கோர்க்க வேண்டாம்; பையில் இறுகக் கட்டி வீட்டுக் குப்பையில் போட்டுவிடுங்கள்.