மஸில் கார் ஆசையா? கொழும்பில் சறுக்கும் இடங்கள் இவை

காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மஸ்டாங் வந்து நின்றால், பஸ் புட்போர்டில் தொங்குகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் பலருக்கு ஆசை தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மஸில் கார் எனப்படும் இந்தப் பெரிய என்ஜின் அமெரிக்கக் கார்களை, பழைய முகத்தோடு வரும் புதுக் கார்களை, வாங்கப் புறப்பட்டவர்கள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குவதைப் பார்த்துவிட்டேன்.

படத்தைப் பார்த்து மனதைக் கொடுப்பது முதலாவது. 2008இல் திரும்ப வந்த டொட்ஜ் சலஞ்சர், 1970ஆம் ஆண்டுச் சலஞ்சரை உரித்து வைத்தது போல இருக்கும், இந்த வகையில் அதைவிட அழகானது இல்லை என்பது என் கட்சி. என்ன செய்வது, கம்பனி அதைக் கடைசிவரை இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் செய்தது. அறுபதுகளின் சாயலில் வந்த 2005 மஸ்டாங்கும் அப்படியே. வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது 2015 தலைமுறை மஸ்டாங்தான், நம் ஆசையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கம் மாற்றிய கார் என்று யாராவது காட்டினால், டாஷ்போர்டிலிருந்து பிரேக் பெடல் வரை பிரித்துப் பூட்டிய காரைக் காட்டுகிறார் என்று அர்த்தம். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது என்ஜினில். இங்கே இறக்குமதி வரி என்ஜின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவதால் 5 லீற்றர் எட்டு சிலிண்டர் வி8க்கும் 2.3 லீற்றர் நாலு சிலிண்டருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதானே என்று 2.3ஐ எடுத்துவிடுகிறோம். சரி, ஆசை அந்த உறுமலில் இருந்தால்? நாலு சிலிண்டர் மஸ்டாங்கின் உள்ளே கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருவது. வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் நண்பர் ஒருவருக்கு இது தெரிந்தது, அன்று இரவு எனக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் புலம்பினார். அப்புறம் சைலன்ஸரை வெட்டி வேறு குழாய் போட்டார். சத்தம் வந்தது, பொலிஸும் வந்தது. வடிவம்தான் வேண்டுமென்றால் 2.3 தாராளம், வேகத்துக்கும் குறைவில்லை. சத்தம்தான் வேண்டுமென்றால் வி8க்குக் காசு சேரும்வரை பொறுங்கள்.

இடத்தை அளக்காமல் வாங்குகிறவர்களும் உண்டு. கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2015 மஸ்டாங்கின் அகலம் 1,916 மில்லிமீற்றர், நீளம் 4,784. இங்கே கேட்டுக்குக் கேட் நிற்கும் ஜப்பான் வேகன் ஆரின் அகலம் 1,475தான். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எதிரே ஒரு வான் வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கதவு இரண்டே இரண்டு, அதனால் ஒவ்வொன்றும் நீளம், அபார்ட்மென்டில் தூணோரம் பார்க்கிங் கிடைத்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். டேப்பை எடுத்துப் போய் அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஈரத்தோடு உறை போட்டு மூடிவைக்க வேண்டாம், உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டுத் துரு பிடிக்கும். அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும். மழை வெள்ளத்தில் முன்னால் போகும் பஸ்ஸைப் பார்த்துத் துணிவு கொள்ளாதீர்கள், இந்தக் கார் தாழ்வானது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஜப்பான் கார்க்காரர்களுக்கு உரியது. மஸ்டாங்கின் முன் பம்பர் உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வரும்வரை காத்திருக்கத் தயாராக இருங்கள். பெற்றோலில் மிச்சம் பிடிக்க நினைக்காமல் ஒக்டேன் 95 அடியுங்கள்.

கடைசியாக, வீட்டில் இதை முதலீடு என்று சொல்லி வாங்குவது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களின் விலை ஏறியதைப் பார்த்து வந்த பழக்கம் இது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது, அந்தக் கணக்கு இனிச் செல்லாது. அதிவேகப் பாதையிலேயே 100 கிலோமீற்றர்தான் உச்சம், பிறகு எதற்கு இவ்வளவு பெரிய என்ஜின் என்று மனைவி கேட்டால் சொல்ல நியாயமான பதில் எதுவும் கிடையாது. ஆசைக்கு வாங்குகிறேன் என்றே சொல்லிவிடுங்கள். திட்டு விழும். ஆனால் ஞாயிறு காலையில் காலிமுகத்திடல் பக்கம் ஒரு சுற்றுப் போகலாம் என்றால் முதலில் ஏறி முன் சீட்டில் உட்காருவதும் அவர்தான்.