மேரியட் என்றால் எந்த மேரியட்?

அமெரிக்கப் பயணத்துக்கு ஓட்டல் தேடுகிறவர்கள் 'மேரியட்' அல்லது 'ஹில்டன்' என்ற பெயரைக் கண்டதும் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். 2016-இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கிய பிறகு மேரியட்டிடம் முப்பது பிராண்டுகள் சேர்ந்துவிட்டன. அறையில் என்ன கிடைக்கும் என்பதைத் தாய் நிறுவனத்தின் பெயர் சொல்லாது. அதோடு ஒட்டியிருக்கும் இன்னொரு பெயர்தான் சொல்லும்.

அதிகம் பேர் ஏமாறுவது காலை உணவில். வாடகை கூடினால் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் நடுத்தர ஓட்டல்களில் நிலைமை நேர்மாறானது. மேரியட்டின் ஃபேர்ஃபீல்டில் காலை உணவு வாடகையிலேயே அடக்கம். அதே நிறுவனத்தில் அதைவிட ஒரு படி மேலான கோர்ட்யார்டில் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஹில்டனிலும் அப்படித்தான்: ஹாம்ப்டனில் இலவசம், மேல்படியான ஹில்டன் கார்டன் இன்னில் கட்டணம். வேறொரு நிறுவனத்தின் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸில் உண்டு, வெறும் ஹாலிடே இன்னில் பொதுவாக இல்லை. மேல்படி ஓட்டல்களில் உணவகம் இருக்கிறது, அதற்கு வியாபாரம் வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் தங்கினால் இந்த வித்தியாசம் பெரிய தொகையாகிவிடும். இதே கணக்கை இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே ஃபேர்ஃபீல்டிலும் உணவகம் உண்டு, சிற்றுண்டி சேருமா என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணத்தைப் பொறுத்தது.

'சூட்ஸ்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. எம்பசி சூட்ஸில் பெரும்பாலும் வரவேற்பறையும் படுக்கையறையும் தனித்தனியாக இருக்கும். ஸ்பிரிங்ஹில் சூட்ஸில் கிடைப்பது ஒரே பெரிய அறை. மைக்ரோவேவும் குளிர்பதனப் பெட்டியும் உண்டு, அடுப்பு கிடையாது. குழந்தைக்குச் சோறு வடிக்க வேண்டும், வயதான பெற்றோருக்கு ரசம் வைக்க வேண்டும் என்றால் ரெசிடென்ஸ் இன், டவுன்பிளேஸ் சூட்ஸ், ஹோம்வுட் சூட்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். முழுச் சமையலறை இருப்பதுதான் அவற்றின் அடையாளம்.

ஓட்டல் நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு: சலுகை எல்லா பிராண்டிலும் செல்லும் என்று நினைப்பது. மேரியட்டின் பிளாட்டினம் என்ற உயர்நிலை உறுப்பினருக்குப் பல பிராண்டுகளில் காலை உணவுச் சலுகை உண்டு. அதே மேரியட்டின் விலையுயர்ந்த ரிட்ஸ்-கார்ல்டனில் அது கிடையாது.

கடைசியாக முகவரி. நியூயார்க் பிராட்வேயில், சென்ட்ரல் பார்க் அருகே ஒரே கோபுரத்தில் கோர்ட்யார்டும் ரெசிடென்ஸ் இன்னும் இருக்கின்றன. அங்கே தெரு எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. பதிவுச் சீட்டில் உள்ள முழுப் பெயரையும் டாக்சி ஓட்டுநரிடம் காட்டுங்கள்.