உறைய வைத்த தாய்ப்பால்: நம் ஊர் வெயிலில் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வேலைக்குப் போய்வந்த பத்து மாதமும் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் என் பால் இருந்தது. தனியார் வேலை. 2017-ல் திருத்திய சட்டப்படி 26 வாரம் விடுப்பு, அதில் சில வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. காலை ஏழேகாலுக்குக் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகும். மகளுக்கு அப்போது ஐந்து மாதம்கூட முடியவில்லை.

பால் எடுப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. எடுத்த பாலைக் காப்பாற்றத்தான் தெரியவில்லை. பம்போடு வந்த அட்டையில் இருந்த கணக்கை அப்படியே நம்பினேன்: வெளியே 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். கணக்கில் தப்பில்லை. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி சொல்வதும் இதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை நான் வாசிக்கவில்லை. வெளியே என்றால் 25 டிகிரி அல்லது அதற்கும் கீழே. ஃப்ரிட்ஜ் என்றால் 4 டிகிரி. ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18. நம் வீட்டில் இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் பால் சேர்க்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அங்கிருந்தே வருகின்றன.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெளியே 38, 39 டிகிரி சாதாரணம். தட்டட்டி வீட்டின் மேல் அறை ராத்திரி பத்து மணிக்கும் சுடும். ஏசி போடாத அறையில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில்தான் கிடைக்கும். ஆகவே அந்த 4 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். எடுத்த கையோடு மூடி, ஃப்ரிட்ஜின் உள்பக்கம், பின்சுவரை ஒட்டி வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். தண்ணீருக்கும் மாவுக்கும் கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும். நான்கு நாளுக்குள் கொடுக்க முடியாது என்று தெரிந்தால், நாலாம் நாள் வரை காத்திருக்காமல் அன்றே உறைய வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது ஐஸ் பெட்டி. நம்மில் நிறைய வீடுகளில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். அதன் உள்ளே மேலே இருக்கும் சின்ன அறையை நாம் ஃப்ரீசர் என்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் மைனஸ் 18-ஐத் தொடுவதில்லை. சோதிக்கச் சுலபமான வழி, ஒரு கப் ஐஸ்கிரீமை வைத்து மறுநாள் ஸ்பூனால் குத்திப் பார்ப்பது. கல்லாக இருந்தால் சரி. ஸ்பூன் சுலபமாக இறங்கினால் ஆறு மாதக் கணக்கு உங்களுக்குக் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் என்றால் ஆறு மாதம் வரை நல்லது, பன்னிரண்டு மாதம் வரை கொடுக்கலாம். நாள் ஆக ஆகச் சத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒற்றைக் கதவில் இன்னொரு ஆபத்து உண்டு. ஐஸ் கட்டிக்கொண்டால் கரைக்க ஒரு பொத்தான் இருக்கிறதே, அது. ஒரு வியாழக்கிழமை நான் வேலையில் இருந்தபோது, பெட்டியில் ஐஸ் மண்டிவிட்டது என்று அத்தை அதை அழுத்திவிட்டார். வழக்கமாகச் செய்கிற வேலை, நல்லெண்ணத்தில்தான் செய்தார். சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது கீழ்த் தட்டு முழுக்கத் தண்ணீர். பால் ஊற்றி உறைய வைத்த பதினான்கு பைகள். ஒவ்வொன்றும் நுங்குபோல் கையில் அமுங்கியது. அன்று நான் அழுததைப் பார்த்து அத்தையும் அழுதார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கவில்லை.

அந்த ராத்திரிதான் ஒன்று கற்றுக்கொண்டேன். உருகத் தொடங்கியதையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. பையைத் தடவிப் பார்த்து உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க உருகி, ஆனால் சில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சில்லிப்பும் போயிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். நான்கு பை தப்பித்தது, ஐந்து பையை மறுநாள் மகள் குடித்தாள்.

கரண்ட் போவதற்கும் இதே கணக்கு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாளில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: பால் எப்படி இருக்கிறது என்று திறந்து திறந்து பார்ப்பது. மூடியே இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாளும் பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். ஒற்றைக் கதவின் ஐஸ் பெட்டி அவ்வளவு தாங்காது. அதனால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். அவையே குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஊருக்குப் போகும் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் காசு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பை பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அந்தப் பால் வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை தாண்டியது, எத்தனையோ தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் ஃப்ரீசரை நம்ப முடியாது, பாட்டில் கழுவ நல்ல தண்ணீரும் இருக்காது. அம்மா பக்கத்தில் இருந்தால் நேரடியாகக் கொடுப்பதைப்போல் சுத்தமானது வேறில்லை. இதனால்தான், எவ்வளவு ஸ்டாக் இருந்தாலும் காலையும் ராத்திரியும் நேரடியாகக் கொடுப்பதை விடாதீர்கள் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்டாக் பற்றிய பதற்றமும் ஒரு தவறுதான். ஃப்ரீசர் நிறைய நிறையத்தான் நல்ல அம்மா என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குழந்தை நாளுக்குக் குடிப்பது சராசரியாக 750 முதல் 800 மில்லி. மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பதினோரு மணி நேரம் வெளியே இருந்தேன், ஆக 330 மில்லி. 60 மில்லிப் பை என்றால் ஐந்தரை. கையில் மூன்று நாளுக்கு, சுமார் இருபது பை இருந்தால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அதற்குமேல் ராத்திரி கண்விழித்துப் பம்ப் செய்து சேர்த்தால் உடம்பு அதையே தேவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல்வரை போகும்.

பையின் அளவிலும் பலர் ஏமாறுகிறோம். 150 மில்லியை ஒரே பையில் ஊற்றி உறைய வைத்தால், குழந்தை 70 குடித்துவிட்டுத் தூங்கும். மிச்சம் வீண். வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. 60, கொஞ்சம் 90, அவ்வப்போது சேர்த்துக்கொள்ள 30 என்று பிரித்து வையுங்கள். விளிம்புவரை நிரப்பினால் பை வெடிக்கும், பால் உறையும்போது விரியும், ஓர் அங்குலம் விடுங்கள். எவர்சில்வர் தட்டில் படுக்கை வசமாக உறைய வைத்தால் பை தகடாக நிற்கும். பிறகு பழைய பிஸ்கட் டப்பாவில் கல்யாணப் பத்திரிகை அடுக்குவதுபோல் நிறுத்தி வைக்கலாம். புதியது பின்னால், எடுப்பது முன்னாலிருந்து. தேதியைப் பால் ஊற்றும் முன்பே, மார்க்கர் பேனாவால் எழுத வேண்டும். ஈரப் பையில் எழுதியது அழிந்துபோய், எது ஐப்பசிப் பால் எது தைப் பால் என்று தெரியாமல் நான் ஏழு பையை விட்டிருக்கிறேன்.

இன்று எடுத்த சூட்டோடு இருக்கும் பாலை உறைந்த பால்மேல் ஊற்றாதீர்கள். அடியில் இருப்பது உருகும். தனியாக ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, அப்புறம் சேர்க்கலாம். நெத்திலியும் சாளையும் இருக்கும் பெட்டியில் பையைத் திறந்தபடி போடாதீர்கள், மூடிய டப்பாவுக்குள் வையுங்கள்.

இனி, வீட்டில் பாலைக் கையாளுகிறவர் விஷயம். மத்தியானம் பையை உருக்குவது நாம் இல்லை. அத்தையோ, அம்மாவோ, ஆச்சியோ. நாற்பது, ஐம்பது வருடம் பசும்பாலோடு பழகிய கை அது. பால் என்றால் காய்ச்ச வேண்டும், பொங்க வேண்டும், அதுதான் அவர்களுக்குச் சுத்தம். தாய்ப்பாலைக் காய்ச்சினால் நோயை எதிர்க்கும் சத்துகள் போய்விடும் என்று எவரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் வாரம் அத்தை ஃபோன் செய்தார். “ஏளா, பால் திரிஞ்சிட்டுல்லா, மேல மஞ்சளா ஆடை மிதக்கு, கொட்டிரவா?” கொட்டவே வேண்டாம். அது கொழுப்பு, நிற்கும்போது மேலே பிரியும். பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாலின் நிறமும் நாளுக்கு நாள் மாறும். லேசான நீலம், வெள்ளை, மஞ்சள், எல்லாம் சரிதான்.

உருக்கும் முறையை அன்று சாயங்காலமே அவர் முன்னால் செய்து காட்டினேன். மறுநாளுக்கு வேண்டிய பைகளை முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழே ஃப்ரிட்ஜுக்கு இறக்கி வைக்க வேண்டும். முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் முன் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பை. அடுப்பில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் ஓவன் கூடவே கூடாது. அது பாலை ஒரே சீராகச் சூடாக்காது, வெளியே ஆறியதுபோல் இருக்கும், நடுவில் ஓர் இடம் கொதிக்கும், குழந்தையின் நாக்கு வெந்துவிடும். நம் ஊரில் மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கோடையில் அது கை பொறுக்காத சூட்டில் வரும். வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீரே போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, சூடும் இல்லை குளிரும் இல்லை என்றால் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் ஊட்டப் பாட்டில் இல்லை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடைதான். கழுவச் சுலபம், மகளும் நேரடியாகக் குடிப்பதை மறக்கவில்லை.

இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சொன்னதைவிட எழுதி ஒட்டியதற்கு வீட்டில் எல்லோரும் கட்டுப்பட்டார்கள்.

உருக்கிய பாலில் சோப்பு வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். பாலில் லைபேஸ் என்ற நொதி உண்டு. அது கொழுப்பைப் பிரிக்கும், சிலருக்கு அந்த வேலை அதிகமாக நடக்கும், ஃப்ரீசரிலும் முழுக்க நிற்காது. பால் கெட்டதில்லை, குழந்தைக்குத் தீங்கும் இல்லை. ஆனால் சில குழந்தைகள் அந்த ருசியைத் தள்ளிவிடும். ஐம்பது பை சேர்த்தபிறகு இது தெரியவந்தால் மனசு ஒடிந்துபோகும். அதனால் ஸ்டாக் சேர்க்கும் முன்பே ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறைய வைத்து, உருக்கிக் குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். குடிக்கவில்லையென்றால், இனி எடுக்கும் பாலை உறைய வைக்கும் முன் சூடாக்க வேண்டியிருக்கும். ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை மட்டும், கொதிக்க விடாமல், உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைக்க வேண்டும். காய்ச்சக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இதிலும் கொஞ்சம் சத்து குறையும், எனவே தேவைப்பட்டால் மட்டும். புளித்த வாடை வேறு, அது கெட்ட பால்.

வேலையிடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் நான் அதிகம் தவறவில்லை. உறைந்த ஐஸ் பேக்குகளுடன் தெர்மல் பை, ஜிப் போட்டு, மடியில். ஐஸ் பேக் உறைந்தே இருந்தால் 24 மணி நேரம் தாங்கும். பஸ்ஸில் எஞ்சின் பக்கத்துப் பலகையிலும் வெயில் விழும் ஜன்னலோரத்திலும் மட்டும் வைக்க வேண்டாம். வழியில் எடுக்க நேர்ந்தால் பஸ் ஸ்டாண்டுகளில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. கை கழுவச் சோப்பு நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பம்பின் பால் படும் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழுவி, காய வைத்துத்தான் மூடவேண்டும். ஈரத்தோடு பையில் போட்டுவிட்டால் மறுநாள் வாடை வரும்.

குறைமாதத்தில் பிறந்து, எடை குறைவாக, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே நேரமும் அளவும் இன்னும் கண்டிப்பானவை. வார்டு டாக்டரும் நர்ஸும் சொல்வதை மட்டும் கேளுங்கள். மிஞ்சிய பாலைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அன்பாகக் கொடுக்கவும் வேண்டாம். பால் வழியாகவும் சில நோய்கள் பரவும். தாய்ப்பால் வங்கியில் கொடுத்தால் தாயைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்தி, தேவைப்படும் குழந்தைக்குக் கொடுப்பார்கள்.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது பகலில் பால் குறைந்தது, ஃப்ரீசரில் பை மிஞ்சத் தொடங்கியது. பம்ப் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இருந்த பைகளைக் கேழ்வரகுக் கூழ் ஆறியபிறகு அதில் கலந்தோம், வெந்துகொண்டிருக்கும்போது இல்லை. கடைசி நான்கு பையை அத்தைதான் உருக்கினார், தேதியைக் கண்ணாடி போட்டு வாசித்து, பழையதை முதலில் எடுத்து.