"நமக்கு அங்க யார் இருக்கா?" – பிரித்தானிய அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை தேடும் மலையக வைத்தியர்களுக்கு

விடுமுறைக்கு ஹட்டன் வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் நான்கு இளம் வைத்தியர்கள் வீட்டுக்கு வந்து போய்விட்டார்கள். ஒருவர் பிளாப் (வெளிநாட்டு வைத்தியர்கள் பிரித்தானியாவில் வேலை செய்ய எழுதும் தேர்வு) இரண்டு பகுதியும் முடித்து, அங்குள்ள மருத்துவப் பேரவையான ஜி.எம்.சி.யின் பதிவும் எடுத்துவிட்டார். இன்னொருவருக்கு அடுத்த மாதம் மான்செஸ்டரில் இரண்டாம் பகுதி. நால்வரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, அங்க எமர்ஜென்சியில வேலை எடுக்கணும்னா ஆள் இருக்கணுமாமே? நமக்கு யார் இருக்கா?"

இந்தக் கேள்விக்குள் இருக்கிற பயம் எனக்குத் தெரியும். 1948இல் குடியுரிமையே பறிபோன சமூகம் நாம். தோட்டத்து லயத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் முதல் வைத்தியர். லண்டனில் டாக்டராக இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ நமக்குக் கிடையாது. நானும் போகவந்தலாவையிலிருந்து அப்படித்தான் போனேன்.

ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆள் எதற்கு உதவுவார், எதற்கு உதவவே மாட்டார் என்பது தெரியாமல் விமானம் ஏறக் கூடாது.

இங்கே இலங்கையில் உள்ளகப் பயிற்சி முடிந்ததும் சுகாதார அமைச்சு பட்டியல் வரிசைப்படி நியமனம் தருகிறது. டிக்கோயாவோ பதுளையோ, அங்குள்ள வைத்திய நிபுணர் உங்களைத் தெரிவுசெய்வதில்லை, நீங்கள் அவரிடம் அனுப்பப்படுகிறீர்கள். பிரித்தானியாவில் பயிற்சிப் பதவிகளுக்குத் தேசிய அளவில் தனித் தெரிவு உண்டு. அதற்கு வெளியே இருக்கும் 'கிளினிக்கல் ஃபெலோ', 'டிரஸ்ட் கிரேட்' வேலைகள்தான் நம்மவர் பெரும்பாலும் முதலில் நுழைகிற வாசல். அவற்றை ஒவ்வொரு என்.எச்.எஸ். டிரஸ்ட்டும் (அரசு மருத்துவமனைகளை நடத்தும் நிறுவனம்) தானே விளம்பரம் செய்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பதும் நேர்முகப் பரீட்சையில் எதிரே உட்காருவதும் நாளைக்கு உங்களோடு வேலை செய்யப்போகிற கன்சல்டன்ட்கள், அதாவது அங்குள்ள வைத்திய நிபுணர்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். பல இடங்களில் நள்ளிரவுக்குப் பிறகு கன்சல்டன்ட் வீட்டில் இருப்பார், தொலைபேசியில் மட்டும் கிடைப்பார். மூன்று மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் நீங்கள். முடியாத கட்டத்தில் இந்த வைத்தியர் கூச்சப்படாமல் என்னை அழைப்பாரா, தாதியர் சொல்வதைக் காதில் வாங்குவாரா என்பதைத்தான் கன்சல்டன்ட் யோசிப்பார். அது சான்றிதழில் தெரியாது. ஏற்கெனவே உங்களைப் பார்த்த ஒருவர் "நல்ல பிள்ளை, நம்பலாம்" என்று சொன்னால் அதற்கு எடை உண்டு.

சரி, அந்த எடை எதுவரைக்கும்? விண்ணப்பப் படிவத்திலேயே, இந்த நிறுவனத்தில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கும். இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். தெரிவுக் குழுவில் இருப்பவரை ஆள் விட்டுப் பிடித்தால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். நேர்முகத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி போடுவார்கள். யாரைத் தெரிந்திருந்தாலும் அந்தப் புள்ளியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். தெரிந்தவரால் முடிவது வேறு: ஆகஸ்ட் முதல் புதன்கிழமை பயிற்சி வைத்தியர்கள் இடம் மாறும்போது எந்தப் பிரிவில் ஆள் குறையும், எந்தப் பிரிவு வெளிநாட்டு வைத்தியருக்கு உண்மையாகவே கற்றுக்கொடுக்கும், எது இரவு வேலைக்கு மட்டும் ஆள் தேடுகிறது என்று சொல்லலாம். இந்தத் தகவலே பெரிய சொத்து.

என் கதையைச் சொல்கிறேன். நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன், ஒரு நேர்முகம்கூட வரவில்லை. அப்புறம் ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரம் 'கிளினிக்கல் அட்டாச்மென்ட்' கிடைத்தது. சம்பளம் இல்லை, நோயாளியைத் தொடவும் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம். இரவு வைத்தியர்கள் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும் காலைக் கைமாற்றத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் வெள்ளைப் பலகை ஓரமாக நிற்பேன். இரண்டாவது வாரம் வகுப்பில் ஏதாவது பேசுகிறாயா என்று கேட்டார்கள். பேச எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு குளவியைப் பற்றிப் பேசினேன்.

இங்கே தோட்டத்து வைத்தியசாலையில் நான் வேலை செய்தபோது நடந்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூடு கலைந்து, ஒரே லொறியில் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த நாள் அது. சிலர் தலையில் கொங்காணியைச் சுற்றியபடியே இருந்தார்கள். சத்தமாக அழுதவர்கள் முன்னால், சத்தமே இல்லாமல் உதடு வீங்கிய ஓர் அம்மா பின்னால். முதலில் அந்த அம்மாவுக்குத்தான் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்குப் போடும் ஊசி), தொடைத் தசையில். மற்றவர்களை வாங்கில் உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தோம். வகுப்பு முடிந்ததும் ஒரு கன்சல்டன்ட் என்னிடம் வந்து, பின்னால் இருந்தவரை எப்படிக் கவனித்தாய் என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்து அங்கே இடம் வந்தபோது மற்ற எல்லோரையும்போலத்தான் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் கேட்டது ஏறக்குறைய அதே கேள்வி.

ஆகவே தோட்டத்து வைத்தியசாலையில் வேலை செய்தது குறை என்று நினைக்காதீர்கள். நீங்கள் பார்த்ததை அங்கே பலர் பார்த்ததில்லை.

புறப்படும் முன் ஒன்று செய்யுங்கள். இங்கே உங்களோடு வேலை செய்த நிபுணரிடம் நேரில் போய்ப் பேசி, ரெஃபரன்ஸ் தருவாரா என்று கேளுங்கள். தனிப்பட்ட ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைப் பல டிரஸ்ட்கள் ஏற்பதில்லை. நிறுவன மின்னஞ்சல் உண்டா என்று இப்போதே பாருங்கள். இதில் தடுமாறி வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. "ஆள் இருக்கு, பணம் கட்டுங்க, வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்குவதைப் பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அம்மாவின் ஈ.பி.எஃப். காசைக் கட்டி ஏமாந்த ஒரு தம்பியின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

விளம்பரத்தின் கடைசியில் விசாரணைக்கென்று ஒரு கன்சல்டன்ட்டின் பெயரும் தொடர்பும் இருக்கும். நம்மவர்கள் அதைத் தொடுவதே இல்லை, தொந்தரவாகிவிடுமாம். அது கேட்பதற்காகவே போடப்பட்டது. நேற்று வந்த தங்கச்சியோடு உட்கார்ந்து அப்படி ஒரு கடிதம் எழுதினோம். யார், எங்கே வேலை செய்தேன், எப்போது வர முடியும், ஒரு நாள் வந்து பிரிவைப் பார்க்கலாமா. மொத்தம் ஐந்து வரி. மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வாசல்படியில் நின்று போனை உயர்த்திப் பிடித்து அனுப்பினாள். இன்று காலை பதில் வந்திருக்கிறது: வரலாம், ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.