மருந்து எச்சச் சோதனையில் எங்கே கோட்டை விடுகிறோம்?

சேலத்து மாம்பழமோ ஏற்காட்டு மிளகோ, பூச்சிமருந்து எச்சம் பார்க்க அனுப்புகிறவர்கள் எந்த லேபில் நல்ல மெஷின் இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கூடையின் மேலே இருக்கும் இரண்டு நல்ல பழத்தைப் பொறுக்கி அனுப்புவதைப் பாருங்கள். ஒரே மரத்தில்கூட வெளிக்கிளைப் பழத்துக்கும் இலைமறைவுப் பழத்துக்கும் மருந்து படிவது வேறுபடும். மல்கோவா போல 250 கிராமைத் தாண்டும் பழம் என்றால் குறைந்தது 5 பழம், 2 கிலோ வேண்டும் என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிமுறை. கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. நறுக்கி அனுப்பவே கூடாது. மாங்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் பழச்சாறு பட்டதுமே சிதைய ஆரம்பித்துவிடும்.

இந்த மாங்கோசெப் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது லேப்களில் பரவலாக இருப்பது 2003இல் வெளியான குவெச்சர்ஸ் என்ற சோதனை முறை. பழக்கூழை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டுப் பிரித்து, தெளிந்த கரைசலை எல்சி-எம்எஸ், ஜிசி-எம்எஸ் என்ற மருந்துகளைப் பிரித்து அடையாளம் காணும் கருவிகளில் ஏற்றுவார்கள். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஆனால் மாங்கோசெப் அதில் சிக்காது. அதை அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடை அளக்க வேண்டும். களைக்கொல்லி கிளைபோசேட்டுக்கும் தனி முறைதான். மிளகுக்கொடிக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது தாமிரம். உலோகச் சோதனை கேட்டால்தான் தெரியும். அதனால் தோட்டத்தில் என்னென்ன அடித்தார்கள் என்று எழுதி மாதிரியோடு கொடுங்கள். 'எல்லாம் பாருங்க' என்று சொன்னால் எல்லாம் பார்க்க மாட்டார்கள்.

மிளகு இன்னும் தொல்லை பிடித்தது. காய்ந்த சரக்கு என்பதால் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே கரைப்பான் சேர்க்க வேண்டும். அதன் எண்ணெயும் காரச்சுவைப் பொருளும் கருவியின் அளவீட்டைக் குழப்பும். பழத்துக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கும் லேபுக்கு மிளகுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் சுழியம் என்று அர்த்தமில்லை. பக்கத்திலேயே அளவிடும் வரம்பு, அதாவது லேபால் நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, போட்டிருக்கும். இவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பழங்களில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. லேபின் அளவிடும் வரம்பே 0.05 என்றால், அந்த மருந்தைப் பொறுத்தவரை கொடுத்த பணம் வீண்.