டாக்பான் அரியணைச் சண்டை: தப்பாகப் புரிந்துகொள்ளும் வழிகள்

ஆப்பிரிக்காவில் எங்கே ரத்தம் சிந்தினாலும் "இனச் சண்டை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கானாவின் வடக்கே உள்ள டாக்பான் அரசு விஷயத்தில் இதுதான் முதல் தவறு. 2002 மார்ச்சில் அதன் மன்னர், அதாவது யா-நா, இரண்டாம் யாகூபு அண்டானி தலைநகர் யெண்டியில் கொல்லப்பட்டார். அவரோடு ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மோதிய இரு தரப்புக்கும் இனம் ஒன்று, மொழி ஒன்று, முன்னோரும் ஒருவரே. 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட யாகூபுவின் மகன்கள் அப்துலாய், அண்டானி. இவர்களின் வழிவந்தவர்கள்தான் அபுடு, அண்டானி என்ற இரு கிளையினர். அங்கே அரியணை என்பது விலங்குத் தோல். அதில் இரு கிளையும் மாறி மாறி அமர வேண்டும் என்பது வழக்கம். முறை தவறியபோதெல்லாம் தகராறு வந்தது. சுத்தமான பங்காளிச் சண்டை.

சரி, பங்காளிகள் அடித்துக்கொண்டால் அரசாங்கம் நடுவில் நின்று விலக்கிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. டாக்பானில் அரசாங்கமே ஆட்டக்காரர். 1954இல் ஓர் அபுடு மன்னருக்குப் பிறகு இன்னோர் அபுடு மன்னரே வந்தார். அண்டானி தரப்பு கொதித்தது. 1960இல் கானாவின் முதல் அதிபர் இங்க்ரூமாவின் அரசு சட்டம் போட்டு, அடுத்த முறை அண்டானிக்கு என்றது. 1969இல் யெண்டியில் ராணுவம் சுட்டதில் பலர் இறந்தார்கள். அபுடு கிளையின் மஹமது அப்துலாய் அமர்ந்தார். 1972இல் ராணுவப் புரட்சி. 1974இல் அவரை இறக்கிவிட்டு யாகூபு அண்டானியை ஏற்றினார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் ஆட்சி மாறினால் யெண்டியில் அரியணையும் ஆடும் என்று இரு தரப்பும் கற்றுக்கொண்டது இப்படித்தான். பின்னாளில் ஒரு கட்சி அபுடுவுக்கு நெருக்கம், மற்றது அண்டானிக்கு நெருக்கம் என்ற எண்ணம் ஊறிப்போனது. 2002 கொலைக்குப் பிறகு உள்துறை அமைச்சர் பதவி விலகியும் அந்த எண்ணம் போகவில்லை.

நீதிமன்றம் தீர்த்துவிடும் என்பதும் அப்படித்தான். 1986இல் உச்ச நீதிமன்றம் யாகூபு அண்டானியின் பதவி செல்லும் என்றது. தீர்ப்பு வந்தது, பகை போகவில்லை. மன்னரின் கொலை வழக்கிலும் 2011இல் 15 பேர் விடுதலையானார்கள். அண்டானி தரப்பு தெருவில் இறங்கியது. ஒரு தரப்பை வென்றவராக அறிவிப்பது நீதிமன்றத்தின் வேலை. நேற்று தோற்றவரோடு நாளைக்கும் ஒரே ஊரில் வாழ வேண்டியவர்களுக்கு அது மட்டும் போதாது.

என்னைப் பொறுத்தவரை, படித்தவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் சடங்கு. "செத்தவருக்கு எப்போது கருமாதி செய்தால் என்ன?" என்று தோன்றும். ஆனால் டாக்பானில் மன்னரின் இறுதிச் சடங்குகள் முடியாமல் அடுத்த மன்னர் வர முடியாது. கொல்லப்பட்ட மன்னரின் உடலே 2006 வரை அடக்கம் செய்யப்படவில்லை. அதற்குப் பிறகும் இழுபறி. 1988இல் இறந்த தங்கள் மஹமது அப்துலாய்க்கும் அரண்மனையில் மன்னருக்குரிய சடங்கு வேண்டும் என்றது அபுடு தரப்பு. பதவியிலிருந்து இறக்கப்பட்டவருக்கு அது எதற்கு என்றது அண்டானி தரப்பு. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கினால் விஷயம் கைநழுவிவிடும். அந்தச் சடங்கு நடந்தால் அவர் மன்னராக இருந்தார் என்பது உறுதியாகும். அவருடைய பிள்ளைகளின் வாரிசு உரிமையும் பிழைக்கும். இது மூடநம்பிக்கையே இல்லை, அசல் அரசியல்.

வழி பிறந்ததும் இங்கேதான். அதிபர் குஃபூர் காலத்தில் அமைந்த மூன்று மன்னர்கள் குழு, கானாவின் இன்னொரு பெரிய அரசான அசாண்டேயின் மன்னர் ஒசேய் டுட்டு தலைமையில், பல ஆண்டுகள் இதையே பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் 2018 டிசம்பரில் அபுடு மன்னருக்குச் சடங்கு, 2019 ஜனவரியில் அண்டானி மன்னருக்குச் சடங்கு, அப்புறம் புதிய மன்னர் என்று வரிசை அமைந்தது. அதே ஜனவரியில் டாக்பானைச் சேர்ந்த சவேலுகு ஊரின் தலைவர் அபுகாரி மஹமா யா-நா ஆனார். கொலைக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய 17 ஆண்டுகள். தேர்தலுக்குள் முடித்துவிடத் துடித்தவர்களுக்கு இந்த வேகம் பிடித்திருக்காது.

மத்தியஸ்தர் யார் என்பதையும் கவனியுங்கள். எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாள்தான் நடுநிலையாக இருப்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே உட்கார்ந்தவர்களோ பழைய கதை நிறைய உள்ளவர்கள். அசாண்டேக்கு டாக்பான் ஒரு காலத்தில் கப்பம் கட்டியது. கொன்ஜா அரசு பழைய எதிரி. அதன் மன்னர் யக்போன்வுராவும் குழுவில் இருந்தார். மூன்றாமவர் மாம்ப்ருகு அரசின் மன்னர் நயிரி, டாக்பானுக்கு மூத்த வழி உறவு. இந்த உறவுகளால்தான் அவர்கள் பேச்சுக்கு எடை வந்தது என்று நினைக்கிறேன்.

இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, அப்படியே இன்னோர் ஊரில் ஒட்டவைக்கலாம் என்று கிளம்புவது இப்போது அதிகம் காணும் தவறு. கானாவின் வடகிழக்கு மூலையில், புர்கினா பாசோ எல்லையை ஒட்டிய பாவ்குவில் 2021 கடைசியில் மறுபடி சண்டை மூண்டது. அங்கே குசாசி, மாம்ப்ருசி (நயிரியின் மக்கள்) என்று இரு வேறு இனங்கள். மாறி மாறி அமரும் வழக்கம் அங்கே இல்லை; பாவ்குவுக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதே சண்டை. அசாண்டே மன்னர் அங்கும் மத்தியஸ்தம் பேசப் போனார். ஆனால் டாக்பானில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் பேசிய நயிரி, பாவ்குவில் அந்த உரிமை தனக்கே என்று கேட்கிற தரப்பு.